பின்சீற்றில் இருந்து பார்த்தது

பிள்ளை,

வியாழக்கிழமை அந்தக் காருக்குக் கையெழுத்துப் போடாதே. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். சின்னவன் எழும்பி அழுதால் மிச்சத்தை வாசிக்க உனக்கு நேரம் கிடைக்காது. அது ஆற்று வெள்ளத்தில் நின்ற கார். எனக்கு ஞாயிற்றுக்கிழமையே தெரியும். நீ ஸ்ரேறிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தபோதே தெரியும். சொல்லவில்லை.

நேரில் வந்து சொல்லியிருக்கலாம். உன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் ஒரு பாலம்தான். நேரில் சொன்னால் நீ என் முகத்தைப் பார்ப்பாய். நான் பாதியைச் சொல்லிவிட்டு மீதியை மாற்றிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். எழுதியதை மாற்றினால் வெட்டிய இடமாவது தெரியும். இன்றைக்கே உன் கையில் தருகிறேன். பிறகு மற்றவர்களும் வாசிக்கக் கொடுப்பேன், யாருடைய பெயரும் இல்லாமல். இந்தக் கிழமை கண்டியில் கார் பார்க்கப் போகிறவள் நீ மட்டும் இல்லை.

மஹியங்கனை ஆஸ்பத்திரிக்கு உனக்கு மாற்றம் வந்த நாளிலிருந்து வீட்டில் கார்ப் பேச்சுத்தான். மருமகன் வவுனியாவில். அங்கே நீயும் சின்னவனும் மட்டும். கிழமைக் கடைசியில் கண்டிக்கு வந்து போகவேண்டும். ஹுன்னஸ்கிரிய தாண்டினால் பதினெட்டு வளைவு. மழைக்குள் ஒருநாள் அந்த இறக்கத்தில் பஸ்ஸில் சின்னவனை மடியில் வைத்திருந்து போய்விட்டு வந்துதான் நீ கார் வேண்டும் என்றாய். அன்று உன் சட்டையெல்லாம் அவன் சத்தி எடுத்திருந்தான். நீ ஆடம்பரத்துக்குக் கேட்கவில்லை. பின்சீற்றில் அவனுக்கென்று ஒரு குழந்தை இருக்கையைக் கட்ட வேண்டும், இறக்கத்தில் பிரேக் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் உன் தேவை. அந்த இரண்டையும் மறந்துவிட்டு நான் வேறு எதையோ காப்பாற்றிக்கொண்டிருந்தேன். என்ன அது என்று மூன்று நாளாக யோசிக்கிறேன். மரியாதை என்று சொல்லலாம். நான் செய்ததற்கு அந்தச் சொல் கொஞ்சம் கூடுதலாக நல்ல சொல்.

முதலில் நீ கண்டுபிடித்த கார் திகனவில் இருந்தது. விளம்பரத்தைப் பார்த்து நீயே பேசி, நீயே நேரம் கேட்டு, என்னையும் துணைக்குக் கூட்டிப்போனாய். வீட்டுக்கு முன்னாலேயே கார் வாங்கி விற்கிற ஒரு முஸ்லிம் மனிதர். நாங்கள் இறங்கியதும் முதல் சொன்னதே குறைதான். "மகள், முன் பம்பர் பெயின்ற் அடிச்சது. நானே சொல்லிட்டேன். மிச்சத்த நீங்க பாருங்க. பாக்காம எடுத்துட்டுப் போய் வீட்ட இருந்து என்னைய ஏசக்கூடாது." நீ கீழே பார்க்க வேண்டும் என்றதும் உள்ளே போய் ஒரு பெரிய காட்போட் மட்டையைக் கொண்டுவந்து தரையில் விரித்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனில் யாருடனோ பேசத் தொடங்கினார். நீ வெட்கப்படாமல் பார்க்கட்டும் என்றுதான் அப்படித் திரும்பினார் என்று இப்போது விளங்குகிறது. அன்று எனக்கு அது அலட்சியமாகத் தெரிந்தது. வாடகைக் காரில் திரும்பி வரும்போது உனக்கு என்ன சொன்னேன் என்பதை நீ மறந்திருக்கமாட்டாய். "தெரியாத ஆக்கள், பிள்ளை. ஒண்டைச் சொல்லினமெண்டால் பத்தை மறைக்கினம்." நீ யன்னல் கண்ணாடியை இறக்கினாய்.

எனக்கு அந்த மனிதரைப் பற்றி எதுவும் தெரியாது. தெரியாது என்பதே எனக்குப் போதுமான காரணமாக இருந்தது. பல்கலைக்கழகத்தில் நான்கு பேர் கூடும் இடத்தில் இனங்களைப் பற்றி நான் பேசும் பேச்சுக்கும் அந்த ஒரு வசனத்துக்கும் நடுவில் எவ்வளவு தூரம். அந்தத் தூரத்தை நீ கார் யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தாய்.

அடுத்த நாள் அம்பிட்டிய அண்ணை போன் எடுத்தார். தன் மகனின் கார் வீட்டில் நிற்கிறதாம். மகன் வெளிநாடு போய்விட்டானாம். பிறத்தியாருக்குக் கொடுக்க மனம் இல்லையாம். எனக்கு அது கடவுள் கொண்டுவந்து தந்தது மாதிரி இருந்தது. எங்கட ஆக்கள். இந்த இரண்டு சொல்லுக்குப் பிறகு நான் எதையும் கேட்பதில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா, எங்கள் வீட்டு முதல் பிரிஜ்ஜை? உனக்கு அப்போது ஆறு வயதிருக்கும். கனடாவுக்குப் போகிற ஒரு ரீச்சரிடம் வாங்கினோம். யாழ்ப்பாணத்து ஆக்கள், கோயிலில் தெரிந்தவர்கள். அவர்கள் வீட்டில் அதைப் போட்டுக் காட்டவில்லை. நாங்களும் போடச் சொல்லிக் கேட்கவில்லை. கேட்டால் சந்தேகப்படுகிறோம் என்றாகிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டால் லைற் மட்டும் எரிந்தது. குளிரவில்லை. அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். அதற்குப் பிறகுதான் அவர்களுக்குப் பிரியாவிடைச் சாப்பாடு கொடுத்தோம். ரீச்சர் பிரிஜ் எப்படி வேலை செய்கிறது என்று கேட்டா. அம்மா, "நல்லாயிருக்கு அக்கா, ஐஸே கட்டுது" என்றா. இரண்டு வருஷம் அதற்குள் அரிசியும் பருப்பும் வைத்திருந்தோம். எலி போகாது என்று நான் பெருமையாகச் சொல்வேன். நீ வந்தவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்து காட்டி, "இது அரிசி பிரிஜ்" என்பாய். எல்லோரும் சிரிப்போம். சிரித்துச் சிரித்தே ஒரு பழக்கத்தை வீட்டில் வளர்த்துவிட்டோம். எங்கள் ஆக்களிடம் வாங்கும் பொருளைச் சோதிப்பது அவர்களைக் குற்றம் சாட்டுவது. குறை இருந்தால் அதை நாங்கள்தான் மறைக்க வேண்டும், விற்றவருக்குக் கூச்சம் வராமல்.

நீ மட்டும் அந்தப் பழக்கத்துக்கு வரவில்லை. சப்பாத்துக் கடையில் சப்பாத்தை வளைத்துப் பார்ப்பாய். பிஸ்கற் பைக்கற்றைத் திருப்பித் திகதி பார்ப்பாய். மாம்பழக்காரனிடம் அடியில் இருக்கும் பழத்தை எடுக்கச் சொல்வாய். ஒவ்வொரு முறையும் நான் உன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறேன். "காணும் பிள்ளை." போதும், நிறுத்து என்ற அந்தச் சொல்லைத்தான் நான் உனக்கு அதிகம் சொல்லியிருப்பேன். உன் கலியாணப் பேச்சில்கூடச் சொன்னேன். மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தபோது, கோபம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று நீ அவரிடம் எல்லோருக்கும் முன்னால் கேட்டாய். நான் காணும் என்றேன். அவர்தான், "இல்லை மாமா, கேக்கட்டும்" என்று சொல்லி, கோபம் வந்தால் தான் போய்ப் பாத்திரம் கழுவுவதாகச் சொன்னார். உண்மைதான் சொல்லியிருக்கிறார். உங்கள் வீட்டுப் பாத்திரங்களைப் பார்த்தால் தெரிகிறது.

அண்ணையை உனக்குப் பெரியப்பா முறையில் தெரியும். எனக்கு அவர் யார் என்பதை உனக்கு ஒழுங்காகச் சொன்னதில்லை. பேராதனைக்குப் படிக்க வந்தபோது எனக்கு விடுதியில் இடம் கிடைக்கவில்லை. ஒரு பையுடன் கோயில் மண்டபத்தில் இருந்தேன். அவர் அப்போது கச்சேரியில், அரசாங்கக் காரியாலயத்தில், வேலை. பூசை முடிந்து வந்தவர் என் ஊரைக் கேட்டார், பெயரைக் கேட்டார், பையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார். அம்பிட்டியவில் அவர் வீட்டுப் பின்னறையில் படிப்பு முடியும்வரை இருந்தேன். தமிழ்ப் பொடியன்களைத் தேடிப் பொலிஸ் வந்து கதவைத் தட்டிய ஒருநாள், "இவன் என்ர தம்பி" என்று சொன்னார். அண்ணை என்று நான் கூப்பிடத் தொடங்கியது அன்றைக்குத்தான். இதைச் சொல்வது என்னை நியாயப்படுத்த இல்லை. அந்த நன்றி என்னுடையது. அதைத் தீர்க்க உன்னையும் சின்னவனையும் ஏற்றி அனுப்ப எனக்கு உரிமை கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போனபோது கார் போட்டிக்கோவில் கழுவித் துடைத்து நின்றது. சந்தனப் பொட்டு. கண்ணாடியில் ஒரு சின்னப் பிள்ளையார். நீ நேரே போய்ப் பொனற்றில் உள்ளங்கையை வைத்தாய். சுட்டது. அண்ணை, காலையிலேயே கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டு வந்ததாகச் சொன்னார். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பழைய கார் பார்க்கப் போகும்போது என்ஜின் குளிர்ந்திருக்க வேண்டும் என்று நீதான் எனக்கு வரும் வழியில் சொல்லியிருந்தாய். குளிர்ந்த என்ஜின்தான் முதல் ஸ்ராற்றில் தன் இருமலைக் காட்டும், சைலன்சரில் நீலப் புகை வந்தால் அப்போதுதான் தெரியும் என்றாய். அதை நினைத்துத்தான் பார்த்தாய். நான் பிள்ளையாரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கதவைத் திறந்ததும் சாம்பிராணி வாசம். காருக்குள்ளும் பிடித்திருக்கிறார்கள். நல்ல வாசம், ஆனால் காருக்குள் இருக்க வேண்டிய அளவைவிடக் கூட. அதற்கு அடியில் வேறொன்று. ஈரச் சாக்கு மாதிரி. நீ மூக்கைச் சுருக்கியதைக் கண்டேன். கேட்க வாய் திறந்தாய். அதற்குள் அண்ணையின் மனைவி, அக்கா, தட்டத்துடன் வந்துவிட்டா. வடை, றோல்ஸ், தேத்தண்ணி. நாங்கள் உள்ளே போய்க் கதிரையில் இருந்தோம். உன் படிப்பு, மருமகனின் வேலை, சின்னவனின் பல். அரை மணித்தியாலம். ஒரு வீட்டில் சாப்பிட்டுவிட்டு அந்த வீட்டாரின் காரின் காபெற்றைத் தூக்கிப் பார்க்க எங்களால் முடிகிறதா? என்னால் முடியாது. உன்னால் முடியும். அதனால்தான் நீ தேத்தண்ணியை அரைவாசியில் வைத்துவிட்டு எழும்பினாய் என்று நினைக்கிறேன்.

பிறகு ஓடிப் பார்த்தோம். நீ ஓட்டினாய். பக்கத்தில் அண்ணை. நான் பின்சீற்றில். ஏற்றத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு மெதுவாக ஏற்றினாய், இழுவை குறைகிறதா என்று பார்க்க. மேலே போய்த் திருப்பி, இறக்கத்தில் பிரேக்கை அழுத்தி, ஸ்ரேறிங் நடுங்குகிறதா என்று இரண்டு கையையும் இலேசாக வைத்துப் பார்த்தாய். உன் முழுக் கவனமும் வீதியில். நல்லாக ஓட்டுகிறாய். அதை நான் உனக்குச் சொன்னதில்லை.

எனக்கு வேலை இல்லை. சின்னவனின் இருக்கையை எங்கே கட்டலாம் என்று பார்ப்போம் என்று பக்கத்து பெல்ற்றை இழுத்தேன். சும்மா இழுத்தேன். வந்துகொண்டே இருந்தது. முடியும் இடத்துக்கு ஒரு சாண் முன்னால் ஒரு கோடு. பென்சிலால் கீறினது மாதிரி நேராக. கோட்டுக்கு ஒரு பக்கம் பெல்ற்றின் சாம்பல் நிறம். மறுபக்கம் மண்ணிறம். விரலால் தடவினேன். மா மாதிரி மெல்லிய தூள் விரலில் வந்தது. ஆற்று வண்டல். கழுவுகிறவர்கள் சீற்றைக் கழுவுவார்கள், காபெற்றை மாற்றுவார்கள். சுருளுக்குள் போயிருக்கும் பெல்ற்றை முழுதாக இழுத்துக் கழுவ யாருக்கும் நினைவு வராது.

நிமிர்ந்தேன். பின்பக்கம் பார்க்கும் கண்ணாடியில் அண்ணையின் கண்கள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதைக் கையில் வைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரிந்தது எனக்கும் தெரிந்தது. நீ அடுத்த வளைவுக்கு ஹோர்ன் அடித்தாய்.

நான் பெல்ற்றை விட்டேன். அது தானாக உள்ளே போய்விட்டது.

அந்தக் கணத்தில் நான் என்ன நினைத்தேன் என்று நேர்மையாக எழுதப் பார்க்கிறேன். உன்னை நினைக்கவில்லை. சின்னவனை நினைக்கவில்லை. ஐயோ, அண்ணைக்கு வெட்கமாகப் போய்விட்டதே என்று நினைத்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாமே என்று நினைத்தேன். மகனின் வீடு கெலிஓயாவில் ஆற்றுப் பக்கம் என்பதும், ஊரெல்லாம் வெள்ளம் போட்ட அந்த மழையில் ஆறு அவன் யன்னல்வரை ஏறியதும், கார் அப்போது கண்டியில் நின்றதென்று நான் கேட்காமலே அண்ணை போனில் சொன்னதும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. எல்லாம் வந்த பிறகும் அண்ணையின் முகத்தைக் காப்பாற்றுவது எப்படி என்றுதான் என் புத்தி வேலை செய்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் நீ கீழே பார்க்க வேண்டும் என்றாய். சாரத்தைச் சொருகிக்கொண்டு நின்ற அண்ணை சிரித்தார். "பாக்கட்டும், பாக்கட்டும். பிள்ளை கார் பாக்க வந்தவவோ, பிள்ளைப்பேறு பாக்க வந்தவவோ?" அக்கா, சட்டை ஊத்தையாகப் போகுது என்றா. நீ சிரித்துக்கொண்டே போட்டிக்கோ சீமெந்தில் மல்லாக்கப் படுத்தாய். போன் லைற்றைப் போட்டுக்கொண்டு தலையை உள்ளே விட்டாய். முன்வீட்டு மேல்மாடியில் இரண்டு பேர் வந்து நின்றார்கள். இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் நீயே கண்டுபிடித்திருப்பாய். அடியில் புதுக் கறுப்புத் தார் அடித்திருந்தார்கள், மணம் எனக்கே வந்தது. ஒரு இடத்திலாவது சேறு மிஞ்சியிருக்கும். அதற்காகத்தான் நான் குனிந்தேன். "காணும் பிள்ளை. எழும்பு. ஆக்கள் பாக்கினம்."

நீ உடனே எழும்பவில்லை. லைற் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு அணைந்தது. எழும்பி முதுகைத் தட்டினாய். முகம் சிவந்திருந்தது. முப்பது வயதுப் பெண்ணை, ஒரு குழந்தையின் தாயை, மருந்துச்சாலையில் ஒவ்வொரு போத்தலையும் திருப்பிப் பார்த்துத்தான் கொடுக்கிறவளை, மாம்பழக்காரனுக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போன மாதிரி இழுத்தேன். இந்தத் தடவை உன்னைக் கூச்சப்படுத்தியதற்கு ஒரு நோக்கமும் இருந்தது. நீ கண்டுபிடிக்கக்கூடாது என்பதற்காக உன்னைக் கூச்சப்படுத்தினேன். இதை எழுதக் கை வரவில்லை. மூன்று தரம் வெட்டி எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்கு வரும் வழியில் நீ கேட்டாய். "அப்பா, நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" நான் சொன்னேன், "நல்ல கார்." அதற்கு நீ, "அப்ப சரி. நீங்கள் சொன்னால் சரி" என்றாய். புதன்கிழமை கையெழுத்து என்று முடிவாகியது.

திங்கட்கிழமை காலை உனக்குப் போன் எடுத்தேன். சொல்லத்தான் எடுத்தேன். நீ சின்னவனைக் குளிக்கவார்த்துக்கொண்டிருந்தாய். தண்ணீர்ச் சத்தம், அவன் சிரிப்பு. "சொல்லுங்கோ அப்பா" என்றாய். நான் சொன்னது, "புதன்கிழமை மரணயோகமாம், நாளை மாத்துவம்." நீ சிரித்த சிரிப்பு இன்னும் கேட்கிறது. "அப்பா, நீங்களா யோகம் பாக்கிறது?" உன் கலியாணத்துக்கே நாள் பார்க்கமாட்டேன் என்று சண்டை பிடித்தவன் நான். பின்னேரம் நீ திருப்பி எடுத்தாய். மாமி கலண்டரைப் பார்த்தாவாம். புதன்கிழமை மரணயோகம் இல்லையாம், அமிர்தயோகமாம். ஆனாலும் அப்பாவுக்கு மனதுக்குச் சரியில்லையென்றால் வியாழனும் திறமான நாளாம். எனக்கு ஒரு நாள் கிடைத்தது. என் பொய்யைக்கூட நீ மரியாதையாகவே நடத்தினாய்.

இப்போது காரைப் பற்றி. இதை நீயே தேடி வாசிப்பாய். ஆனாலும் நான் எழுத வேண்டும். பெல்ற் நனைந்தால் பெல்ற்றுக்கு ஒன்றும் இல்லை. பெல்ற் நனைந்த உயரத்துக்குக் கீழே இருந்ததெல்லாம் நனைந்திருக்கிறது என்பதுதான் விஷயம். அது பெற்றோலிலும் மின்சாரத்திலும் ஓடும் ஹைபிரிட் கார்; அதன் பெரிய பெற்றரி பின்சீற்றுக்குக் கீழே இருக்கிறது. எயார்பாக்கை வெடிக்கச் சொல்லும் பெட்டி இரண்டு முன்சீற்றுக்கும் நடுவில், தரையோடு. பிரேக்குக்குப் போகும் வயர்களும் அந்த வழிதான். தண்ணீர் வடிந்த பிறகு இவையெல்லாம் வேலை செய்யும். அதுதான் ஏமாற்றுகிறது. வயர் பொருத்தும் இடங்களில் பச்சைக் களிம்பு பூக்கும். மெதுவாக. ஞாயிற்றுக்கிழமை ஏற்றத்தில் நல்லாக இழுத்த கார் அடுத்த மாரியில் இறக்கத்தில் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது. கார் ஸ்ராற் பண்ணும்போது எயார்பாக் லைற் ஒருதரம் எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் அதைக் கழற்றிவிட்டார்கள் என்று அர்த்தம். அந்தக் காரில் எரிந்ததா என்று எனக்குத் தெரியாது. நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அன்று சொல்லியிருக்கமாட்டேன் என்பதால், அதை ஒரு சாட்டாகச் சொல்லவில்லை.

இனி எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் மழையில் பார்க்காதே. கண்டியில் இது கஷ்டம்தான். ஆனால் நனைந்த காரில் எல்லாப் பெயின்றும் ஒன்றுபோல மின்னும். வெயிலில், பக்கவாட்டில் நின்று, கதவுகளின் நீளத்துக்குப் பார். ஒரு கதவு மட்டும் சற்று வேறு நிறமாக இருக்கும். கதவு றப்பரை இழுத்து உள்ளே பார். முன்சீற்றின் கீழே கையை விட்டு ஆணிகளைத் தடவு, துருக் கறள் இருந்தால் கையில் வரும். டிக்கியில் ஸ்பெயார் ரயரைத் தூக்கு. ஹெட்லைற் கண்ணாடிக்குள் பனி மாதிரி இருந்தால் ஏன் என்று கேள். ஒயில் மூடியைத் திறந்து பார், பால் ஏடு மாதிரி ஒட்டியிருந்தால் அந்த இடத்திலேயே திரும்பி வா. வாசம் அதிகமாக இருந்தால் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உள்ளே கொஞ்ச நேரம் தனியாக இரு. சாமியின் வாசமாக இருந்தாலும். இதெல்லாம் உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாத ஒன்றே ஒன்று, கூட வரும் ஆளையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது. அவர் காரைப் பார்க்கிறாரா, விற்பவரின் முகத்தைப் பார்க்கிறாரா என்று.

இன்று காலை அண்ணை வீட்டுக்குப் போனேன். போட்டிக்கோவில் கார் நின்றது. அவர் பக்கத்தில் கதிரையைப் போட்டுப் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். இருக்கச் சொன்னார். நான் இருக்கவில்லை. பிள்ளை இந்தக் காரை எடுக்கமாட்டாள் என்றேன். ஏன், நாள் மாத்தினதென்றுதானே பிள்ளை சொன்னா என்றார். பின்பெல்ற்றில் சேற்றுக் கோடு இருக்கிறது என்றேன்.

அவர் பேப்பரை மடித்தார். மடித்ததை மறுபடி மடித்தார்.

"நீ அண்டைக்கே பாத்தனி."

"ஓம் அண்ணை."

"நான் பாத்ததையும் பாத்தனி."

"ஓம்."

"அப்ப அண்டைக்கு ஏன் வாய் திறக்கேல்லை? வீடு வந்து சேருமட்டும் உன்ர வாயைத்தான் பாத்துக்கொண்டு வந்தனான். இப்ப சொல்லுவான், இப்ப சொல்லுவான் எண்டு. நீ சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலையே விட்டிருப்பன். பெத்த தேப்பனே பேசாமல் இருக்கிறான், அப்ப அவ்வளவு பிழையில்லைப்போலை எண்டு நானும் இருந்திட்டன்."

கோபமாகச் சொல்லவில்லை, பிள்ளை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருக்கலாம். உண்மையிலேயே கேட்பதுபோலக் கேட்டார். மகன் அங்கிருந்து நெருக்குகிறான் என்றார். கராஜ்காரன் ஒன்றும் ஆகாது என்று சொன்னதாகச் சொன்னார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அந்தத் தலையைக் காப்பாற்றத்தான் நான் ஞாயிற்றுக்கிழமை பேசாமல் இருந்தேன். அவரோ என் மௌனத்தைத் தனக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டிருக்கிறார். ஒருவரின் வெட்கத்தை மற்றவர் மறைக்கப்போய், இருவருமாகச் சேர்ந்து உன் குழந்தையை அந்தச் சீற்றில் இருத்தியிருக்கிறோம்.

அவர் பொல்லாதவர் இல்லை. அதையும் எழுதத்தான் வேண்டும். எனக்கு அவரைப் பொல்லாதவராக ஆக்கிவிட்டால் வசதி.

புறப்படும்போது, காரை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டேன். சனிக்கிழமை கட்டுகஸ்தோட்டையிலிருந்து ஒரு குடும்பம் பார்க்க வருகிறதாம். எங்கள் ஆக்கள் இல்லை, விளம்பரத்தைப் பார்த்துக் கேட்டவர்கள். அவர்களுக்குச் சொல்லுவீர்களா என்றேன். அவர் கேற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "வாறவை பாத்து வாங்கட்டும்."

அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை. இதை உனக்குத் தந்த பிறகு சொல்வேன். திகனக்காரருக்குப் போன் எடுத்தேன். அந்தக் கார் இன்னும் நிற்கிறது. நான் யாரென்று சொன்னதும், "ஆ, அந்த நல்லா பாக்கிற புள்ளட வாப்பாவா?" என்றார். கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அவர் நல்ல மனிதராக இருக்கலாம். அதற்காக ஒன்றையும் பார்க்காமல் விடாதே. நல்லவர் என்ற நம்பிக்கையில்தான் நான் இவ்வளவும் செய்தேன். ஆறுதலாக, உனக்குப் போதும் என்று தோன்றும்வரை பார். என்னைக் கூட்டிப்போக வேண்டும் என்றில்லை. வரவேண்டாம் என்றால் விளங்கிக்கொள்வேன். நீங்கள் சொன்னால் சரி என்று இனி நீ எனக்குச் சொல்லாமல் விட்டால், அதையும்.

வியாழக்கிழமை நல்ல நாள்தான். மாமி சரியாகத்தான் பார்த்திருக்கிறா. கார்தான் சரியில்லை.

சனிக்கிழமை காலை நான் அம்பிட்டியவுக்குப் போவேன். அண்ணையிடம் சொல்லிவிட்டேன். கேற்றைத் திறப்பாரோ தெரியாது. இத்தனை வருஷத்தில் அந்தக் கேற் எனக்குப் பூட்டியிருந்ததில்லை. பூட்டியிருந்தால் வீதியில் நிற்பேன். கட்டுகஸ்தோட்டைக் குடும்பம் யாரென்று எனக்குத் தெரியாது. சிங்களவரோ, முஸ்லிம்களோ, குழந்தை இருக்கிறதோ இல்லையோ. வந்து இறங்கியதும் பின்சீற் பெல்ற்றை முடியும்வரை இழுத்துப் பார்க்கச் சொல்வேன். அவர்களுக்குக் கூச்சமாக இருந்தால் நானே இழுத்துக் காட்டுவேன். அண்ணை போட்டிக்கோவில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அக்கா யன்னலால் பார்ப்பா. முன்வீட்டு மேல்மாடியிலும் ஆட்கள் வந்து நிற்பார்கள்.

பார்க்கட்டும்.

அப்பா